பாவாத்தாளின் இரண்டாவது வள்ளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் வெள்ளகோவில் பக்கம் வானம் அடியோடு கைவிரித்துவிட்டது. பண்ணையார் செங்கோட்டையன், ஆட்கள் வாயில் பண்ணாடி, குதிருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டம் போட்டார். வளர்ந்த ஆண்பிள்ளை உள்ள வீட்டுக்கு வாரக் கூலி, தானியம் அளக்கும் வள்ளத்தால் இரண்டு வள்ளம் கம்பு. இல்லாத வீட்டுக்கு ஒன்று. மீசை வைத்தவனுக்குத்தான் பசிக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

பாவாத்தாளின் புருஷன் தை மாதம் காய்ச்சலில் போய்விட்டான். அவன் பண்ணைக் கிணற்றில் எருது பூட்டி, கவலை என்னும் தோல் சால் ஓட்டி நீர் இறைத்தவன். அவன் ஓட்டிய பண்ணை எருதுகள் வேறெவன் அதட்டலுக்கும் மசியாதவை. தினமும் கஞ்சி கொண்டுபோன பாவாத்தாளுக்கு மட்டும் அந்தக் குரல் படிந்திருந்தது. பண்ணாடியே அவளைக் கூப்பிட்டு எருதுகளை ஒப்படைத்தார். பொம்பளை கவலை ஓட்டுவதா என்று ஊர் வாயைப் பிளந்தது. வாய் வலித்ததும் மூடிக்கொண்டது.

கூலி நாளன்று அவள் மடியில் ஒரே வள்ளம் விழுந்தது. ஆம்பிளை வேலைதானே செய்கிறேன் என்று கேட்டாள். சட்டம் சட்டம்தான் என்றார் பண்ணாடி.

மறுநாள் முதல் உச்சிப்பொழுது வரைதான் இறைத்தாள். பிறகு எருதுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினாள். வேறு ஆள் ஓட்டிப் பார்த்தான். எருதுகள் அசைபோட்டபடி நின்றன. வீட்டில் பிள்ளைகள் இரண்டும் தண்ணீராய் ஓடும் கூழைக் குடித்துவிட்டுச் சிணுங்கின. ஆனாலும் அவள் இறங்கி வரவில்லை.

வாரம் முடிவதற்குள் ராகித் தோட்டத்தில் ஒரு பாதி பச்சையாக நின்றது, மறு பாதி தலை சாய்ந்தது. பண்ணாடி வரப்பில் நின்று குதித்தார்.

"ஏம்புள்ள, பாதித் தோட்டம் காயுது, கண்ணு தெரியலையா?"

"தெரியுதுங்க பண்ணாடி. ஒரு வள்ளத்துக்கு ஒரு பாதி நனைஞ்சிருக்குதுங்க. இன்னொரு வள்ளம் வந்தா இன்னொரு பாதியும் நனையுமுங்க."

அவர் முகம் கறுத்தது. விரட்டிவிடலாம்தான், எருதுகளை யார் ஓட்டுவது?

அடுத்த கூலி நாளில் இரண்டு வள்ளம் விழுந்தது. அவள் மடியைச் சுருட்டவில்லை. போன வாரத்துப் பாக்கி ஒன்று நிற்கிறது என்றாள். மூன்றாவதும் விழுந்தது. அப்போதும் நகராமல், பின்னால் மடியேந்தி நின்ற விதவை பழனியாத்தாளின் கையைப் பிடித்து முன்னே இழுத்துவிட்டாள்.

"இந்தக்கா ஊட்லயும் வகுறு இருக்குதுங்க, பண்ணாடி."

பண்ணாடி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வள்ளத்தைக் கம்புக் குவியலுக்குள் விட்டார், இரண்டு தடவை.