கிரகணம் படாத பிள்ளை

என் அண்ணனுக்குப் புத்தி தடுமாறிய வருஷம், எங்கள் வீட்டில் முதலில் விசாரணைக்கு வந்தது ஓர் ஆடு.

அறுபதுகளின் தொடக்கம். கல்லூரியைப் பாதியில் விட்டு அண்ணன் தென்காசிக்குத் திரும்பினான். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். பார்க்க வந்த பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அம்மாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "வயித்துல இருக்கையில எதும் நடந்துச்சா?"

நடந்திருந்தது. அண்ணனைச் சுமந்த ஆறாம் மாதத்தில் ஒரு சூரிய கிரகணம். கர்ப்பிணி இருட்டறையை விட்டு வரக்கூடாது. முற்றத்தில் காய்ந்த நெல்லில் ஆடு வாய் வைத்த சத்தம் கேட்டு, அம்மா கம்போடு வெளியே ஓடிவிட்டாள். அந்த மாதமே பத்து நாள் கடுங்காய்ச்சலிலும் கிடந்தாள். காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆடு என்ன நிறம் என்பதுவரை கேட்டார்கள்.

"நாலு படி நெல்லுக்குப் பிள்ளையக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. அவன் தெளியும்வரை ஒரு வேளைக் கஞ்சிதான் என்று நேர்ந்துகொண்டாள். இரண்டு மாதத்தில் வளையல் முழங்கைவரை ஏறியது. அண்ணனுக்கு முன்னால் அவள் போய்விடுவாளோ என்று அப்பா பயந்தார். நானும் பயந்தேன். ஆனால் எனக்குப் பயம் வந்தால் பேச்சும் வரும். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை தோற்ற பதினேழு வயதுக்காரன், என் கோமாளித்தனம்தான் வீட்டைத் தாங்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்கியது. புத்தி பேதலித்தவர்களுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, குற்றாலத்து அருவியில் ஒரு மண்டலம் நிறுத்துவது அப்போது வழக்கம். நாங்களும் அறை எடுத்தோம். அப்பாவுக்கு விடுப்பு இல்லை. அம்மா, அண்ணன், நான்.

முதல் நாள் காலை, பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரிடம் அம்மா சொன்னாள்: "எம் பிள்ளைக்குத்தான் அண்ணாச்சி. நல்லாப் பிடிச்சு நிறுத்துங்க." சொல்லிவிட்டு வேட்டி துண்டுகளோடு படிக்கட்டில் ஒதுங்கினாள்.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். அண்ணன் கைகட்டி, மரியாதையாக நின்றிருந்தான். நான் ஈரத்துண்டோடு ஒற்றைக்காலில் குதித்து, சற்றுமுன் ஒருவர் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்த குரங்கை அவனுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

என் பிடரியில் கை விழுந்தது. அரைக்குப்பி நல்லெண்ணெய் உச்சியில் இறங்கியது.

"அண்ணாச்சி, நான் இல்ல. அவன்."

"எல்லாரும் அப்படித்தாம்லே சொல்லுதாங்க. போன வாரம் ஒருத்தன் என்னையவே கையக் காட்டுனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பெரிய தப்பு.

"சிரிக்கான் பாரு. நல்லா முத்திருக்கு" என்று அவர் என்னை அருவிக்குள் தள்ளினார். நெல்மூட்டை விழுகிற மாதிரி தண்ணீர் தலையில் விழுந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை.

அப்போது அண்ணன் வந்து அவர் தோளைத் தொட்டான். பேசி இரண்டு மாதமாகியிருந்த குரல். அருவிச் சத்தத்தைத் தாண்டிக் கத்தினான்.

"அண்ணாச்சி, அவன விடுங்க. கிறுக்கு எனக்குத்தான். அவன் பொறந்ததுலேர்ந்தே இப்படி."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எங்களை அம்மாவிடம் இழுத்து வந்தார். "இதுல எதும்மா உங்க பிள்ளை?"

"ரெண்டுந்தான்" என்றவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து, அழுது, மறுபடி சிரித்தாள். பிறகு எண்ணெய் வழிய நின்ற என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள்.

"இவன் வயித்துல இருக்கையிலயும் கிரகணம் வந்துச்சு. கதவச் சாத்தி, சன்னலுக்குச் சாக்கு கட்டி, முதுகு அரிச்சாக்கூடச் சொறியாமக் கெடந்தேன். அவ்வளவு பொத்திக் காத்தும் இதுதான வந்துருக்கு."

அண்ணன் சிரித்தான். அன்று காலை அம்மா அருவிக்கரைக் கடையில் நான்கு இட்லி தின்றாள். நான் எண்ணினேன்.

அருவி அண்ணனைக் குணமாக்கியது என்று சொல்ல மாட்டேன். சாரல் முடிந்ததும் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் போனோம். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா ஆட்டில் ஆரம்பித்து, காய்ச்சலில் முடித்தாள்.

"ஆடு வேண்டாம்மா. காய்ச்சல் எத்தன நாள்?" அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

"அப்ப காய்ச்சலாலயா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. காய்ச்சல நீங்களா வரச் சொன்னீங்க?"

அம்மா இல்லையென்று தலையாட்டினாள். இட்லி தின்ற மறுநாளே திரும்பியிருந்த நேர்ச்சைக் கஞ்சி அன்றோடு போயிற்று. மாத்திரையால் அண்ணன் மெல்ல மீண்டான். இரண்டு முறை மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான். செங்கோட்டைப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் வேலையும் பார்த்தான். கருவில் பட்ட காய்ச்சலும் பசியும் பிற்காலத்து மனநோயோடு எப்படிச் சேர்கின்றன என்று இன்றும் ஆராய்கிறார்களாம். அவர்கள் நன்றாக இருக்கட்டும். எல்லாக் காப்பும் காத்துப் பெற்ற பிள்ளை ஒன்று மாதிரிக்கு வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அந்த டாக்டருக்கும், பிடரி வலிக்க வைத்த அண்ணாச்சிக்கும் நான் சொல்லாமல் விட்ட நன்றி நிறைய.

அறுபதுகளின் கடைசியில் என் மனைவி உண்டாகியிருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. நான் பொறுப்பான கணவனாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்குப் போனேன்.

"அத அங்கன போடு" என்றாள் அம்மா, சோற்றைப் பிசைந்தபடி. "சாக்கு கட்டுனதுக்கு என்ன வந்துச்சுன்னு ஒருக்கப் பாத்தாச்சு."