இத்தாவில் திறந்த ஜன்னல்

“புள்ளையப் போட்டுட்டு ஓடிட்டாண்டு இன்னொரு தடவ சொன்னேண்டு வையி ராதாமணி, எங்க வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது, ஆமா.”

“நானா சொல்றேன் நன்னி? தெருவே சொல்லுது. இத்தாவுல இருந்தவ ஜன்னலத் தொறந்து வச்சு எவன்கூடயோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனா, அப்பறம் ஏரோப்ளேன் ஏறிட்டாண்டு.”

“சிரிச்சுச் சிரிச்சு இல்ல. ஒரே ஒரு தடவ சிரிச்சா. எதுக்குச் சிரிச்சாண்டு எனக்குத் தெரியும். பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.”

ராதாமணி எதிர்வீட்டுக்காரி. கெட்டவள் இல்லை, வாய்தான் நிற்காது. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

சமீனா என் மகள் வயிற்றுப் பேத்தி; பாட்டியை எங்கள் பக்கம் நன்னி என்பார்கள். காளவாசலில் ஒரு மாடியில் நடந்த பயிற்சி நிலையத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். ஏர்போர்ட் வேலைக்குப் போகிற பையன்களுக்குப் பாடம் எடுக்கப் போனவள், விமானம் ஓட்டுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு இங்கிலீஷ் படிப்பு இருப்பதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அவள் சொன்னது புரிந்தது. மேலே ஓட்டுகிறவனும் கீழே ஏர்போர்ட் கோபுரத்தில் இருந்து வழி சொல்கிறவனும் முகம் பார்த்துக்கொள்ள முடியாது. குரல் மட்டும்தான். ஏற, இறங்க, திரும்ப மனப்பாடமான வார்த்தைகள் இருக்கின்றன. திடீரென்று ஒரு பயணிக்கு நெஞ்சுவலி வந்தாலோ, பருந்து வந்து அடித்தாலோ மனப்பாடம் தீர்ந்துபோகும், சொந்தமாகப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சைத்தான் இவள் சொல்லிக்கொடுப்பாள். வெளிநாடு பறக்கிற பைலட்டெல்லாம் அதில் தேற வேண்டும் என்று உலகத்துக்கே ஒரு விதி வந்ததாம். ரெண்டாயிரத்து ஏழில் நாடு நாடாக அதற்கு டீச்சர் தேடினார்கள்.

அவள் புருஷன் அப்துல் ஹலீம், சூட்கேஸ் கடையில் நின்று வியாபாரம் பார்த்தவன். கிட்னி இரண்டும் போய் டயாலிசிஸில் கிடந்தான். அந்த வருஷமே காளவாசல் பயிற்சி நிலையத்தையும் மூடிவிட்டார்கள். சமீனா பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஊர் பேர் தெரியாத நாட்டுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டாள். ‘உன் தாய்மொழி இங்கிலீஷ் இல்லையே’ என்று பாதிப் பேர். மீதிப் பேரிடமிருந்து பதிலே இல்லை. ஹலீம்தான் விடவில்லை. கட்டிலில் படுத்தபடி, பாடம் ஒத்திகை பார்க்க அவளுக்கு அவனே பைலட். கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில், “டவர், டவர், பெட்ரோல் ஃபினிஷ்!” என்பான்.

“உங்களுக்கு எப்பப் பாத்தாலும் பெட்ரோல்தான் தீரும். ஒரு நாளாச்சும் ஒழுங்கா எறங்குங்க மச்சான்.”

“எறங்கிட்டா நீ என்னத்தடி சொல்லிக்குடுப்ப?”

ஆடி மாதத்தில் அவன் மௌத்தானான். கசகஸ்தானில் பைலட்டுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியிலிருந்து பதில் வந்தது அதற்குப் பிறகுதான். போனில் பேசிப் பார்ப்போம், ஒரு மாணவனுக்குப் பாடம் நடத்திக் காட்டு என்றார்கள்.

புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வாசல் தாண்டக் கூடாது. எங்கள் பக்கம் தெரு ஜன்னலையும் சாத்தித் துணி கட்டிவிடுவோம். எங்கள் வீட்டிலோ, செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது தெரு ஜன்னலோரம் மட்டும்தான். நான் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டேன். தேவைக்குப் பேசலாம், தடையில்லை என்றார். ஜன்னலில் ஒரு கதவைத் திறந்து, என் துப்பட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சந்தில் ஆட்டோ சத்தம், பால்காரன் சத்தம். அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரக் குரல் ஏதோ சொன்னது. பிறகு அந்த நாட்டுப் பைலட் ஒருவன் வந்தான். சமீனா கோபுரம், அவன் ஆகாயம். திணறித் திணறிப் பேசினவன் கடைசியில் சொன்னான்: “பெட்ரோல் ஃபினிஷ்.”

அப்போதுதான் சிரித்தாள். தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. அடுத்த நிமிஷம் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்தாள். முதுகு குலுங்கியது. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடத்தை முடித்தாள். சிரிப்பு தெருவுக்குப் போயிற்று. அழுதது என் சேலையோடு நின்றுவிட்டது.

வேலை கிடைத்தது. போகும்போது தனியாள்தான், ஒரு வருஷம் நிலைத்தால் பிள்ளைக்கும் விசா. மகள் பஹ்மிதாவுக்கு ஆறு வயது. அதுவரைக்கும் என்னோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

அதற்குள் ஹலீமின் அண்ணன் ஜலால் மேலூரிலிருந்து வந்தான். காலாண்டு லீவுக்கு என்று பிள்ளையை அழைத்துப் போனான். லீவு முடிந்தது, பிள்ளை வரவில்லை. நான் பஸ் ஏறினேன்.

“புள்ளையக் குடுத்துரு ஜலால். பெத்தவ வாசலையே பாத்துக் கெடக்கா.”

“இத்தாவுல ஜன்னல்ல நின்னு சிரிச்சவகிட்ட என் தம்பி புள்ளைய எப்புடிக் குடுக்குறது நன்னி? எங்க வீட்டுல வந்து இருக்கச் சொல்லுங்க. சோறு போடாம விட்ருவமா?”

ஜலாலைக் கல் நெஞ்சன் என்று சொல்ல மாட்டேன். தம்பியை ஆஸ்பத்திரிப் படியில் தூக்கிக்கொண்டு ஏறினவன் அவன். சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. ஆனாலும் பிள்ளையைத் தரவில்லை. யாருடையதோ கவுனைப் போட்டுக்கொண்டு அடுப்படிக் கதவோரம் நின்ற பஹ்மிதா கேட்டாள்: “நன்னி, அம்மாவுக்கு இத்தா முடிஞ்சிருச்சா?”

ஜமாத்தில் முறையிட்டேன். இத்தா முடியட்டும், பேசுவோம் என்றார்கள். பெத்த பிள்ளைக்காக வெளியே போகலாம் என்று ஹஜ்ரத் சொன்னதைச் சமீனாவிடம் சொல்லி, “கெளம்பு, நானும் வாரேன்” என்றேன்.

“இப்ப வெளிய கால வச்சா, இத்தாவ முறிச்சவண்டு அதையும் சேத்துக்கிருவாங்க நன்னி. முடிச்சுட்டே கேக்குறேன். அப்ப எதச் சொல்லி மறுப்பாங்க?”

அப்படியே இருந்தாள். கசகஸ்தான் பள்ளிக்காரர்கள் வேலையில் சேரும் தேதியைத் தள்ளித் தர மறுத்துவிட்டார்கள். இத்தா முடிகிற மறுநாளே புறப்பட வேண்டும். வழியனுப்பவாவது பிள்ளையைக் கொண்டுவரும்படி ஜலாலுக்குச் சொல்லியனுப்பினோம்.

அன்று காலை ஜலால் தனியாக வந்தான். சமீனா அவனைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். ஆட்டோதான் நின்றது.

“போகலேண்டு ஒரு வார்த்த சொல்லு. சாயங்காலத்துக்குள்ள புள்ள இங்க இருக்கும்.”

“இருக்கும், பெரிய மச்சான். அப்பறம் ரெண்டு பேரும் மேலூர்லதான் இருப்போம்.”

“இருந்தா என்ன? என் வீடு என்ன வேத்து வீடா?”

“உங்க வீடு.”

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. உள்ளே போய், பஹ்மிதா விட்டுப்போன பள்ளிக்கூட ஷூவை எடுத்து வந்தாள். கறுப்புப் பாலிஷ் போட்டு வைத்திருந்தாள்.

“நாளைக்கே போட வைங்க. காலு வளந்துரும்.”

ஜலால் வாங்கிக்கொண்டான். ஹலீம் வேலை பார்த்த கடையிலிருந்து வந்த பழைய சூட்கேஸை ஆட்டோக்காரர் தூக்கிப் போனார். சமீனா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நான் துஆ ஓதி முடிக்கிற வரைக்கும் அசையவில்லை. பிறகு படி இறங்கினாள்.

திரும்பிப் பார்க்காமல் போனாள் என்பதையும் ராதாமணி ஒரு குற்றமாகச் சொல்கிறாள். ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஜலால் வாசலிலேயே நின்றான். அதைப் பார்க்க அவள் எப்படித் திரும்புவாள்?