எதிர் மில்லில் எங்கள் கல்

தாராவியிலேயே பழைய மாவு மில் எது என்று கேட்டுக்கொண்டு, இன்று காலை ஒரு பெண் போனும் கையுமாக என் மில்லுக்குள் வந்தாள். ரீல் எடுக்கவாம்.

"இதாம்மா. எங்க வாப்பா ஆரம்பிச்சது" என்றேன்.

சுவரில் பதித்த டைல்ஸையும் புது மிஷினையும் ஏற இறங்கப் பார்த்தாள். "புரானா லுக்கே இல்லியே அங்கிள், பழசு மாதிரியே தெரியல" என்றவள், எதிரில் இருக்கும் காசிமின் மில்லுக்குப் போய்விட்டாள்.

அங்கே ஓடுவது எங்கள் வாப்பா காலத்துக் கல் மிஷின். இடத்தை அடைக்கிறது என்று நான்தான் அதைக் காசிமின் தலையில் கட்டினேன்.

மத்தியானமே வீடியோ வந்துவிட்டது. காசிம் அந்த மிஷினைத் தடவிக்கொடுத்தபடி பேசுகிறான்: "தாராவியில பாதிப் பேரு இந்தக் கல்லுல அரைச்ச மாவத் தின்னு வளந்தவங்கதான்."

பொய் சொல்லியிருந்தால்கூட வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. அந்தப் பாதிப் பேரும் எங்கள் மில்லில் வரிசை போட்டவர்கள்.

வரிசையில் ஆள் நிற்பதில்லை. பெயர் எழுதிய டப்பாவை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வீடியோவிலும் காசிமின் வாசலில் டப்பாக்கள் நீளமாக நின்றன. பொறாமையில் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

நாலாவது டப்பாவில், பச்சை பெயின்ட்டில், என் பெயர்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மனைவி அசரவில்லை.

"கல்லுல அரைச்ச மாவுலதான் இடியாப்பம் பஞ்சு மாதிரி வருது. நீங்களும் நாலு மாசமா ருசிச்சுத் தின்னுக்கிட்டுதான இருக்கிய?"

வீடியோவுக்கு லைக் போட்டிருக்கும் நண்பர்களே, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் டப்பாவும் அங்கேதானா?