சம்பந்திக்குக் கொடுத்த ஜெராக்ஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார்.

“அண்ணே, பதறாதீங்க... அவரு வரப்புல சாய்ஞ்சுட்டாரு. இப்ப எழுந்து உக்காந்திருக்காரு. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். டீயில சக்கரை போடலாமான்னு ஒங்க சார்ட்டுல போட்டிருக்கா?”

மனிதர் மயங்கி விழுந்திருக்கிறார். இந்த அம்மா என்னிடம் சர்க்கரைக்கு அனுமதி கேட்கிறார். ஏன் என்னிடம்? நான் என்ன டாக்டரா?

இல்லை. ஆனால் மூன்று வாரமாக டாக்டர் மாதிரிதான் நடந்துகொண்டிருந்தேன்.

“போடுங்க தங்கச்சி, உடனே போடுங்க, நாலு ஸ்பூன் போடுங்க” என்று கத்திவிட்டு, கும்பகோணத்திலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். குடவாசல் போய்ச் சேரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் பைக்கில் வந்தவர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

விஷயத்தைச் சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சர்க்கரை, என் முழங்கால், என் குறட்டை எல்லாம் ஏற்கெனவே பழக்கம். பொங்கல் முடிந்த கையோடு ஒரு டாக்டரிடம் போனேன். சின்ன வயது லேடி டாக்டர். அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். பிறகு கம்ப்யூட்டரில் தட்டி ஒரு பேப்பரை நீட்டினார். மேலே என் பெயர், வயது, எடை. அதற்குக் கீழே என் வாழ்க்கை!

காலை ஆறு மணிக்கு முக்கால் மணி நேரம் வேக நடை. எட்டு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி ஒரு கப். மதியம் இரண்டு சப்பாத்தி, நிறையக் காய். இரவு இரண்டு தோசை. கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி — ‘மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நிற்கவும்.’ நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற ஆசாமிக்காக எழுதிய வரி அது.

மூன்று மாதத்தில் என் சர்க்கரை இறங்கியது. இறங்கினால் மனிதன் சும்மா இருப்பானா? நான் இருக்கவில்லை. சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்தேன். மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிற நண்பர்களுக்குக் கொடுத்தேன். சலூனில் பக்கத்து நாற்காலியில் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவருக்கும் கொடுத்தேன். பாவம், அவரால் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. நம் பக்கத்தில் சர்க்கரை என்று ஒருவர் வாயெடுத்தால் போதும்... பாகற்காய் ஜூஸ், ஆவாரம்பூ, வெந்தயம் என்று நாலு பேர் நாலு பக்கமும் சூழ்ந்துகொள்வார்கள். வழி கேட்டு வந்தவரைக்கூட வெந்தயம் ஊறவைக்கும் முறையைச் சொல்லித்தான் அனுப்பிவைப்போம்.

அப்படிக் கொடுத்த ஜெராக்ஸில் ஒன்று சம்பந்தி கலியமூர்த்திக்கு. என் மருமகளின் அப்பா. மூன்று ஏக்கர் சொந்த விவசாயம். அவருக்கும் சர்க்கரை, பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். “அப்படியே ஃபாலோ பண்ணுங்க சம்மந்தி, மூணே மாசம்” என்று நான் கொடுத்ததை, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அப்படியே ஃபாலோ செய்தார்.

நான் போனபோது வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. சம்பந்தியம்மா ஒன்றையும் மறைக்கவில்லை.

“இவரு விடியறதுக்குள்ள பழைய சோறு சாப்புட்டு, மாத்திரையப் போட்டுக்கிட்டுத்தாண்ணே வயலுக்குப் போவாரு. ஒங்க சார்ட்டு வந்ததுலேருந்து அது நின்னுபோச்சு. மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டுப் போறாரு. எட்டு மணிக்கு அந்த ஓட்சு கஞ்சியத் தூக்குல கொண்டுபோய்க் குடுக்கறேன். ஒரு கப்புன்னு போட்டிருக்காம், அதுக்கு மேல ஒரு வாய் வாங்க மாட்டேங்கறாரு.”

“வேலை?”

“வேலை எங்கண்ணே கொறையும்? நடவு ஆச்சே.”

குறுவை நடவு. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. சேற்றில் நாற்றுக்கட்டு சுமந்து, மண்வெட்டியால் வரப்பு வெட்டி, மடை திருப்பி — இந்த உடம்புக்கு ஒரு கப் ஓட்ஸ்.

“இதுல சாயங்காலம் நடக்க வேற கெளம்பிடறாரு” என்றார் சம்பந்தியம்மா. “காலையிலதான் நேரமில்லையே, அதனால சாயங்காலமாம். ரோட்டுல வேகவேகமா போனா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? மூணு பேரு வண்டிய நிறுத்தி, பஸ்ஸ விட்டுட்டீங்களா, ஏறிக்குங்கன்னாங்களாம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை.

“அதெல்லாம்கூடப் பரவால்லண்ணே. மணிக்கு ஒருதரம் எழுந்து நிக்கணும்னு ஒண்ணு போட்டிருக்கு பாருங்க. இவரு நாள் பூரா நின்னுக்கிட்டுத்தான இருக்காரு? எப்படி எழுந்திருக்கறது? அதுக்காக மணிக்கு ஒருதரம் வேலைய விட்டுட்டு வரப்புல போயி உக்காருவாரு. அப்பறம் எழுந்து நிப்பாரு. நடவுப் பொம்பளைங்க எல்லாம் சிரிக்குதுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அடக்கிக்கொண்டேன்.

அன்று காலை அப்படி உட்கார்ந்து எழுந்தபோதுதான் கண் இருட்டிச் சாய்ந்திருக்கிறார். நடவுக்கு வந்த அம்மாள் ஒருவர் தன் டீயில் சர்க்கரையை அள்ளிப்போட்டு நீட்ட, இவர் வாயை இறுக மூடிக்கொண்டு “சம்மந்தி சார்ட்டுல சக்கரை இல்ல” என்றாராம். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த போன். அந்த நேரத்தில் நான் குளித்துக்கொண்டிருந்தால்? போன் சைலண்டில் கிடந்திருந்தால்?

அன்று மாலையே இருவரையும் என் டாக்டரிடம் அழைத்துப்போனேன். சம்பந்தி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் அதைப் பிரித்தார். மேலே என் பெயர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சார், உங்க கண்ணாடியைக் கழட்டி இவருக்கு மாட்டிவிடுவீங்களா?”

“மாட்டேன்.”

“அது தெரியுதுல்ல?”

என் பள்ளிக்கூட வாத்தியாரிடம்கூட நான் அவ்வளவு ஒடுங்கி உட்கார்ந்ததில்லை. டாக்டர் என்னை விட்டுவிட்டு சம்பந்தி பக்கம் திரும்பினார்.

“இந்த மாத்திரை சர்க்கரையை இழுத்துக் கீழ இறக்கும்ங்க ஐயா. வயித்துல ஒண்ணுமில்லாம போட்டுக்கிட்டு சேத்துல இறங்கினா சாயாம என்ன செய்வீங்க? சொல்லுங்க, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?”

பிறகு முக்கால் மணி நேரம் கேள்விகள். என்ன சோறு, எந்தக் கரண்டியில் எத்தனை கரண்டி, குழம்பில் மீன் வாரத்தில் எத்தனை நாள், கொல்லையில் என்ன கீரை. காலில் செருப்பு இல்லாமல் சேற்றில் நிற்பதால் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் தொட்டு, தினம் ராத்திரி கழுவித் துடைத்துப் பார்க்கச் சொன்னார். என் காலை அவர் அப்படிப் பார்த்ததில்லை. என் கால்தான் மேஜைக்கு அடியிலேயே இருக்கிற காலாயிற்றே.

கடைசியாக ஒன்று கேட்டார். “வருஷம் பூரா இதே வேலைதானா?”

“இல்லீங்கம்மா. தண்ணி நின்னுட்டா கோடையில சும்மாதான் இருப்பேன். டீக்கடை, அரட்டை, தூக்கம்.”

டாக்டர் இரண்டு பேப்பர் எடுத்தார். ஒன்று வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களுக்கு — சாப்பிட்டுவிட்டு மாத்திரை, அதன் அளவும் குறைப்பு, காலையில் அளந்த சோறு, பத்து மணிக்கு வரப்பில் சுண்டல், சட்டைப் பையில் நாலு மிட்டாய், தனியாக நடை தேவையில்லை. இன்னொன்று வாய்க்கால் காய்ந்த மாதங்களுக்கு — சோறு பாதி, நடை கட்டாயம். “பேப்பரை மாத்துறப்ப என்னை வந்து பாத்துட்டு மாத்துங்க” என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஜாதகம் என்றால் பிறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் கேட்கிறோம். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூடத் தனித்தனி நோட்டு. உடம்பு என்று வந்தால் மட்டும் தெருவுக்கே ஒரு ஜெராக்ஸ் போதும் என்று நினைக்கிறோமே... ஏன்?

கிளம்பும்போது டாக்டர் என்னை மடக்கினார். “நீங்க ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறீங்கதானே சார்?”

குடித்தேன். நாலு நாள். ஐந்தாம் நாளிலிருந்து இட்லிதான். சர்க்கரை இறங்கியது நடையாலும் மாத்திரையாலும். என் சார்ட்டை ஒரு வரி விடாமல் கடைப்பிடித்த ஒரே மனிதர், என் பக்கத்தில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

அவர்களை ஊருக்கு பஸ் ஏற்றிவிட நடந்துபோகும் வழியில் கேட்டேவிட்டேன். “ஏன் சம்மந்தி, தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா?”

“எத்தன நாளா சுத்துது... சொல்லணும்னுதான் நெனப்பேன். ஆனா பொண்ணக் குடுத்த எடம். நீங்க ஆசையா கொண்டாந்து குடுத்தீங்க. இது எனக்கு ஒத்துவரலன்னு சொன்னா, ஒங்களக் கொறை சொன்னாப்ல ஆயிடாதா? நாளைக்கு எம்பொண்ணு ஒங்க வீட்ல இருக்கணுமே.”

நடுரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மகளை நாங்கள் ஒரு சொல் சொன்னதில்லை. இருந்தும் அந்த பயத்தில் ஒரு மனிதர் மூன்று வாரம் தலைசுற்றலோடு வயலில் நின்றிருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா என்பது இவ்வளவு ஆபத்தான பதவியா?

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். நடவு முடிந்து வயல் பச்சை பிடித்திருந்தது. ஆளும் தெளிந்திருந்தார். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும் — போகிற வழியில், சர்க்கரைக்கு ரொம்ப நல்லது என்று யாரோ சொன்னார்களே என்று, இரண்டு கிலோ கறுப்பு கவுனி அரிசி வாங்கிப் போயிருந்தேன்.

சம்பந்தி பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் பையை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

“எனக்கு வேணாம் சம்மந்தி. டாக்டரம்மாவக் கேக்காம சாப்புட மாட்டேன். நீங்க எடுத்துக்கிட்டுப் போயிடுங்க.”

சமையலறை வாசலில் சம்பந்தியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பையை எடுத்து ஸ்கூட்டரில் மாட்டினேன்.

பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்குத்தான் நாங்கள் சொந்தக்காரர்கள் ஆனோம்.