வீட்டிலிருந்து ஒரு டம்ளர்

அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் நடந்து போனால் யாராவது ஒரு பெரியவர் கையை உயர்த்தி, "டாக்டர், என்னை எப்போது கூப்பிடுவீர்கள்?" என்று கேட்பார். அது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. அங்கே இந்திய முகம் என்றால் டாக்டர்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் நோயாளிதான், நானும் ராணுவத்தில் இருந்தவன்தான் என்று சொன்னால் ஒரு கணம் விழித்துவிட்டு, அப்புறம் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.

நம் ஆட்களிடமும் இதே பாடுதான். மாணவர் விசாவில் வந்து, படிப்பை முடித்து, அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, அதன் வழியாகக் குடியுரிமை பெற்றவன் நான். சில வருடங்கள் அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துவிட்டு, இப்போது டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் அதே வேலையைச் சீருடை இல்லாமல் செய்கிறேன். சர்ச்சில் இன்னும் சிலர், "பிரதர், நிஜமாவே ஆர்மியா?" என்று கேட்கிறார்கள். என் தொப்பையைப் பார்த்தால் யாருக்குமே அந்தச் சந்தேகம் வரும்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாமல் தவிப்பவர்களுக்காகவும், அவர்கள் ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எனக்கு அது ஜனவரியில் வந்தது. எங்கள் ஊரில் ஜனவரி என்றால் சீடர் மரத்தின் மகரந்தம் காற்றில் பறக்கும் காலம். பாதி ஊர் தும்மும், மீதி ஊர் கண்ணைக் கசக்கும். அதனால் ஒரு நாள் காலையில் குரல் கரகரத்து, தலை சுற்றி, விக்கல் நிற்காமல் வந்தபோது நானும் அதையே நினைத்தேன்.

"வருஷா வருஷம் இதே கதைதான். அலர்ஜி மாத்திரையை டிசம்பர்லயே ஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொன்னா கேட்டாத்தானே," என்றாள் என் மனைவி எஸ்தர்.

அவள் கொடுத்த காபியை வாயில் ஊற்றினேன். அது மூக்கு வழியாக வெளியே வந்தது. எஸ்தர் அடுப்பை அணைத்தாள். கார் சாவியை எடுத்தாள்.

மூளைத்தண்டில் (மூச்சுவிடுவது, விழுங்குவது போன்றவற்றைக் கவனித்துக்கொள்ளும் மூளையின் அடிப்பகுதி) ஒரு சிறிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. கை கால்களுக்குப் பெரிய சேதமில்லை. சில வாரங்கள் தள்ளாடி நடந்தேன், பிறகு அதுவும் சரியானது. பார்க்க வந்தவர்கள், "தேங்க் காட், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஒன்றுமில்லாத ஆளுக்குத் தன் எச்சிலை விழுங்க முடியவில்லை. தொண்டையின் ஒரு பக்கம் செத்துக் கிடந்தது.

இதை டிஸ்பேஜியா (விழுங்குவதில் வரும் கோளாறு) என்கிறார்கள். மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் முதலில் உணவு போனது. அதன் பிறகு டயான் என்ற ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சோடு விழுங்குதலையும் திரும்பக் கற்றுத்தருபவர்) என்னைக் கையில் எடுத்துக்கொண்டார். தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்த வேண்டும், சின்ன வாயாக எடுக்க வேண்டும், விழுங்க வேண்டும், மறுபடி ஒருமுறை வெறுமனே விழுங்க வேண்டும். குழந்தைகூட யோசிக்காமல் செய்வதை நான் பாடம் போலப் படித்தேன்.

கடைசியில் ஒரு பரிசோதனை. பேரியம் (எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) கலந்த திரவத்தைக் குடிக்கச் சொல்லி, அது தொண்டையில் இறங்குவதை வீடியோவாக எடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காக உணவுக்குழாய்க்குள் போனது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று எஸ்தர் குழையப் பிசைந்து கொடுத்த ரசம் சாதத்தை நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. சில வாரங்களில் காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது. ஆஸ்பிரேஷன் நிமோனியா (உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதால் நுரையீரலில் வரும் தொற்று) என்றார்கள். மருந்து கொடுத்து, மறுபடி வீடியோ பரிசோதனை செய்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தேன். மறுபடியும் நிமோனியா.

"உங்களுக்கு இருமல் வராததுதான் ஆபத்து," என்றார் நுரையீரல் டாக்டர். பொதுவாக மூச்சுக்குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலே நமக்குப் புரையேறும், இருமித் துப்பிவிடுவோம். எனக்கு அந்தக் காவலாளி தூங்கிவிட்டான். என்ன உள்ளே போகிறது, எப்போது போகிறது என்று எனக்கே தெரியாது. இன்னொரு முறை வந்தால் நுரையீரல் தாங்காது என்றார் டாக்டர். வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்து, அதன் வழியாக மட்டும் உணவு கொடுப்பதே பாதுகாப்பு. குழாய் வைத்த பிறகு வாய் வழியாக எதுவும் கூடாது. எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். "பார்க்கலாம்," என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஜூலைக்கு நாள் குறித்தார்கள்.

வீட்டில் சண்டை. "உண்மைய சொல்லுங்க. நான் ஆபீஸ் போனப்புறம் மிக்சர் தின்னீங்களா?" என்று கேட்டாள் எஸ்தர்.

"சத்தியமா இல்ல."

"டெஸ்ட்ல எல்லாம் கரெக்டா இருக்கு, வீட்டுக்கு வந்தா மட்டும் எப்படி உள்ள போகுது? சொல்லுங்க!"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. சமையலறை அலமாரியில் இருந்த முறுக்குப் பாக்கெட்டுகளை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சோற்றை மிக்ஸியில் அடித்தாள். நான் வாயில் வைக்கிற ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டாள். தண்ணீரை மட்டும் சந்தேகப்படவில்லை. தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறது என்று வீடியோவே இரண்டு முறை சொல்லிவிட்டதே.

ஜூன் மாதம் அந்த மருத்துவமனைக்கு மாணவர்கள் வந்தார்கள். கோடை விடுமுறையில் ஆராய்ச்சிக் கூடங்களில் பயிற்சி பெற வரும் கல்லூரிப் பிள்ளைகள். புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தாழ்வாரங்களில் வழி தெரியாமல் சுற்றுவார்கள். என்னையும் ஒரு பையன், "டாக்டர், எக்ஸ்ரே எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வழி சொன்னேன். எனக்குத்தான் அந்த இடம் மனப்பாடமாயிற்றே.

டயானின் ஆராய்ச்சியிலும் இரண்டு மாணவர்கள் சேர்ந்திருந்தார்கள். விழுங்கல் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் எதில் குடிக்கிறார்கள், ஒரு வாய்க்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. என்னையும் கலந்துகொள்ளச் சொன்னார் டயான். குழாய் போடக் காத்திருக்கும் ஆளிடம் போய் எப்படிக் குடிப்பாய் என்று கேட்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் டயானுக்காகச் சரி என்றேன். "வீட்டிலிருந்து டம்ளர் எடுத்து வாருங்கள்" என்றார்கள். எஸ்தர் எங்கள் எவர்சில்வர் டம்ளரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அறைக்குள் இருந்த மாணவி என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஓ மை காட், நீங்க தமிழா அங்கிள்?" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஸாரி, சார்னுதான் கூப்பிடணும்."

அவள் பெயர் மீரா. டெக்சாஸிலேயே சுகர் லேண்ட் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள், டாக்டராக ஆசைப்படுகிறவள். அன்று காலை மற்ற வீரர்கள் கொண்டுவந்த பாத்திரங்களைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் பீர் குவளை கொண்டுவந்தாராம், இன்னொருவர் பர்கர் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கப். எங்கள் டம்ளரைப் பார்த்ததும், "அய்யோ, எங்க வீட்லயும் இதேதான்!" என்று சிரித்தாள். டயான் பக்கத்து அறையில் இன்னொருவரோடு இருந்தார். பக்கவாட்டில் ஒரு கேமரா ஓடியது. நான் வீட்டில் குடிப்பது போலவே குடித்தேன். மீரா டம்ளரை எடை போட்டுப் பார்த்துவிட்டு, "சூப்பர் அங்கிள், டன்!" என்றாள்.

அந்த அறையில் இருந்த மூன்று பேரும் தமிழர்கள். மூவர் கண்ணுக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டயானே அழைத்தார். உடனே வரவேண்டும், அந்த டம்ளரையும் கொண்டுவரவேண்டும். நடந்ததை மீரா பிறகு சொன்னாள். அவளும் அவளோடு வேலை செய்யும் வெள்ளைக்கார டெக்சாஸ் பையனும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். என் முறை வந்ததும் அவன், "இந்த ஆள் ஏன் விட்டத்தைப் பார்க்கிறார்?" என்று கேட்டிருக்கிறான். "அவர் தண்ணி குடிக்கிறார்" என்று சொல்ல வாயைத் திறந்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். டயானைத் தேடி ஓடியிருக்கிறாள்.

நான் அண்ணாந்து குடித்தேன். உதட்டில் படாமல், தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, மேலிருந்து ஊற்றி. பிறந்ததிலிருந்து தண்ணீரை அப்படித்தான் குடிக்கிறேன். மருத்துவமனையில் மூடி போட்ட கப்பும் ஸ்ட்ராவும் கொடுத்தார்கள், அதனால் தாடை தானாகத் தாழ்ந்தது. வீட்டில் சாப்பாட்டுக்கும் காபிக்கும் டயான் சொன்னபடியே குனிந்தேன். தண்ணீர் என்று வந்தால் கை தானாக உயர்ந்தது. அது ஒரு குடிக்கும் முறை என்றே எனக்குத் தோன்றியதில்லை. தண்ணீர் குடிப்பது என்றால் அதுதான்.

எக்ஸ்ரே அறையில் டயான் எங்கள் டம்ளரில் பேரியத் திரவத்தைக் கொஞ்சமாக ஊற்றினார். "ஒரே ஒரு வாய். வீட்டில் குடிப்பது போல," என்றார். அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். விழுங்கினேன். எனக்கு எதுவும் தெரியவில்லை, தொண்டை கமறக்கூட இல்லை.

பிறகு திரையைக் காட்டினார். என் கழுத்தின் படத்தில் ஒரு கோடு கீழே இறங்கி வந்து, இரண்டாகப் பிரிந்தது. ஒன்று உணவுக்குழாய்க்குள் போனது. மற்றது குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் அமைதியாக வழிந்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மாத்திரையோடும் இதைத்தான் செய்திருக்கிறேன்.

அதே டம்ளரை உதட்டில் வைத்து, குனிந்து குடிக்கச் சொன்னார். ஒரு சொட்டுகூட வழி தவறவில்லை.

எஸ்தர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினமும் முன்னாடியே நின்னு பாக்குறேனே, ஒரு தடவையாவது தோணுச்சா எனக்கு? மிக்சர் மிக்சர்னு உங்க உயிரை எடுத்தேன்," என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. டயான் அவளைக் கட்டிக்கொண்டார். எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது.

நுரையீரல் டாக்டர் உடனே குழாயைக் கைவிடவில்லை. தள்ளி வைத்தார். காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், மறுபடி பார்த்தார். கோடை முடியும்போது, "இனி குழாய் வேண்டாம்," என்றார். அந்த மூன்று சொற்களை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஃப்ரீவேயில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

காபிக்குத் தனிக் கோப்பை உண்டு, ஆனால் எல்லோரும் எடுக்கும் தண்ணீர் டம்ளரில் வாய் வைப்பது எளிதாக வரவில்லை. எச்சில் என்று மனசு கூசியது. இத்தனை வயதில் என் டம்ளரே எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்னொருவர் எடுத்துவிடாமல் இருக்க எங்கள் மகள் அதில் தன் நகப்பூச்சால் ஒரு பெரிய பொட்டு வைத்தாள். பழகிவிட்டது.

மாணவர்கள் திரும்பிப் போகும் முன் தாங்கள் செய்ததைப் பெரிய தாள்களில் ஒட்டி விளக்கினார்கள். போயிருந்தேன். மீராவின் முகம் வாடியிருந்தது. "நான் பக்கத்துலயே நின்னேன் அங்கிள். ஐ ஷுட் ஹாவ் ஸீன் இட்," என்றாள்.

"பொறந்ததுலேர்ந்து நானே பாக்கலம்மா. உன் வீடியோ இல்லைன்னா எனக்கு இப்ப வயித்துல ஓட்டை," என்றேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

சுகர் லேண்டிலிருந்து வந்திருந்த அவள் அப்பா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் கடகடவென்று குடித்தார். அவர் தொண்டைக்கு என்ன, தாராளமாகக் குடிக்கலாம். ஆனாலும் என் தாடை தானாக நெஞ்சை நோக்கித் தாழ்ந்தது. மீரா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மருத்துவமனையில் நாம் எல்லோருமே நல்ல பிள்ளைகளாக நடந்துகொள்கிறோம். கொடுத்த கப்பில், சொன்ன மாதிரி குடித்துக் காட்டுகிறோம். நீங்கள் வீட்டில் எப்படிக் குடிக்கிறீர்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள், மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்பதை உங்கள் தெரபிஸ்டிடம் செய்து காட்டுங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள். அதைச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், அதை முதலில் காட்டுங்கள்.

முன்பு எனக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பதே சளி பிடித்தால்தான் தெரியும். இப்போது ஒவ்வொரு வாய்க்கும் அதன் சம்மதம் தேவைப்படுகிறது. தண்ணீர் உள்ளே போகும் வழியை மனசால் தொடர்ந்து போகிறேன், போய்ச் சேர்ந்ததும் மூச்சு விடுகிறேன். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இவ்வளவு நேரம் உண்டு என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. சாப்பாடும் அப்படித்தான் நீண்டுவிட்டது. "அப்பா, யூ ஆர் ஸோ ஸ்லோ," என்கிறாள் மகள். ஆனால் எழுந்து போவதில்லை.

அந்த மாதங்களில் நான் விழுங்கும்போதெல்லாம் எஸ்தர் கையில் எடுத்த சோற்றை அப்படியே நிறுத்திவிட்டு, "இறங்கிடுச்சா?" என்று கேட்பாள். நான் தலையசைத்த பிறகுதான் அவள் கை வாய்க்குப் போகும். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது, கொஞ்ச நாளாகவே அவள் கேட்பதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. தன் தட்டைப் பார்த்து, பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.