அம்மா வைத்த கைநாட்டு

பத்திரப் பதிவு அலுவலகத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளி, "கையெழுத்த யார் வேணா போட்டுடலாம் மேடம், ரேகைய வைக்க நீங்கதான் வரணும்" என்றார் குமாஸ்தா. ஊதா மையின் நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் பொங்கியது. பாவம், அவர்மேல் அல்ல.

எழுபதுகளில் குருசுக்குப்பத்திலிருந்து நான் நடந்துபோன பள்ளிக்கூடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். உப்புக்காற்றில் சுண்ணாம்பு உதிரும் அதன் நீண்ட வராந்தாவில்தான், சொல்லாமல் லீவு போட்ட பிள்ளைகள், அப்பா கையெழுத்திட்ட லெட்டர் வரும்வரை, உள்ளே மற்றவர்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கூடச் சேர்ந்து சொன்னால் அதற்கும் அதட்டல்.

தம்பிக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் நான் போகவில்லை. அப்பா நாகப்பட்டினம் பக்கம் கடல்தொழிலுக்குப் போயிருந்தார். நான் எழுதிய லெட்டரில், மீனவர் சங்கத்தில் இதே ஊதா மையைத் தொட்டு, அம்மா கைநாட்டு வைத்தாள்.

"இதெல்லாம் செல்லாது" என்று தலைமையாசிரியை நுனிவிரலால் தள்ளினார்.

மீன்கூடையோடு வந்து நின்ற அம்மா, "எம் வெரல வேற யாரு டீச்சர் வைக்க முடியும்?" என்று கேட்டாள்.

"மொதல்ல கூடைய வெளிய வை."

கையெழுத்து இல்லாத வீட்டில் காய்ச்சல் வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருந்தது?

மூன்று நாள் நின்றேன். நான்காம் நாள் புது லெட்டரில் அப்பாவின் பெயரைச் சாய்வாக எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து நீட்டினேன். தலைமையாசிரியை அதைப் பார்த்துத் தலையாட்டி உள்ளே விட்டார்.

அப்பாவும் கைநாட்டுத்தான்.