பழைய படத்தில் இல்லாத கம்பி

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது என் தொழில். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. விழுப்புரத்தில் யாராவது பழைய தூணுக்கு டைல்ஸ் ஒட்டினால் வண்டியை நிறுத்தி வீட்டுக்காரரிடம் சண்டை போடுவேன். என் மனைவி பின்சீட்டிலிருந்து தோளைத் தட்டி, போதும், கிளம்புங்கள் என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. வண்டியில் ஏறவும் இறங்கவும் என் தோள்தான் அவளுக்குப் பிடி.

திண்டிவனம் அவள் பிறந்த ஊர். அங்கே பழைய சுண்ணாம்புக் கட்டடம் ஒன்றில் வாசகசாலை நடக்கிறது. ஆசிரியர் தேர்வுக்கு அவள் படித்தது அங்கேதான். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா வீட்டுக்குப் போனால் ஒரு மணி நேரமாவது அங்கே உட்கார்ந்துவிட்டுத்தான் வருவாள். நான் போய்க் கூப்பிட்டால், இன்னும் நாலு பக்கம் என்பாள். அதைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு வந்தபோது அவளைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

அந்தக் கட்டடம் கட்டிய புதிதில் எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்தது. அதைச் செல்போனில் வைத்துக்கொண்டு, படத்தில் இல்லாத எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். சிமெண்டுப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். தகரக் கூரையைக் கழற்றினோம். முன்வாசலில் ஏழு கருங்கல் படிகள். அவற்றின் ஓரத்தில் யாரோ எந்தக் காலத்திலோ ஒரு தண்ணீர்க் குழாயை வளைத்துக் கைப்பிடிக் கம்பியாக நட்டிருந்தார்கள். கோணல்மாணலாக, பார்க்கவே சகிக்காது. அறுத்து எடுக்கச் சொன்னேன். வேலை முடிந்த அன்று படிகளைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினேன். சூப்பர் என்று பதில் வந்தது.

மாவட்டத்தில் சிறப்பாகப் புதுப்பித்த கட்டடத்துக்கான பரிசு அந்த வருடம் எனக்குத்தான். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. பரிசுக் குழுவில் ஒருவர் முன்படிகளைத் தனியாகப் புகழ்ந்தார். கண்ணை உறுத்த அங்கே ஒன்றுமே இல்லையாம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தைக்கூடக் கண்ணில் படாமல் பின்பக்கம் போட்டிருக்கிறேனாம். முதல் வரிசையில் உட்கார்ந்து என் மனைவி கை வலிக்கத் தட்டினாள்.

அடுத்த ஞாயிறு கேடயத்தை மாமியாரிடம் காட்டத் திண்டிவனம் கிளம்பினோம். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் புகழ்ந்ததை மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் அவள் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள். முதலில் வாசகசாலைக்குப் போய்விட்டு அப்புறம் வீட்டுக்குப் போகலாம் என்று நான்தான் வண்டியைத் திருப்பினேன்.

வேலை முடிந்த பிறகு அவள் அங்கே வருவது அதுதான் முதல்முறை. இறங்கி முதல் படிக்கு முன்னால் போய் நின்றவள், பழக்கத்தில் வலது கையை நீட்டினாள். அங்கே பிடிக்க எதுவும் இல்லை. நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முந்தானையைச் சரிசெய்வதுபோல இறக்கிக்கொண்டாள்.

பின்பக்கம் சாய்தளம் இருக்கிறது, அப்படிப் போகலாம் என்றேன். கழிப்பறையை ஒட்டிய கதவுக்குப் போகும் வழி அது. வேண்டாம் என்று தலையாட்டினாள். சரி, என் தோளைப் பிடித்துக்கொள் என்றேன்.

"வேற எங்க போனாலும் உங்களப் புடிச்சிக்கினுதான ஏறறேன். இங்க மட்டுந்தாங்க நானா ஏறினு இருந்தேன்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபம் எனக்குத்தான் வந்தது. அன்றைக்கே படம் அனுப்பினேனே, கம்பியைக் காணோம் என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"பாத்தங்க. நீங்க எவ்ளோ சந்தோசமா அனுப்பிச்சீங்க. ஒரு கம்பிக்காவ அத ஏன் கெடுக்கணும்னு உட்டுட்டேன்."

பரிசு வாங்கிய படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து என் தலையில் கை வைத்து, எழுந்திருங்கள், எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாள்.

மறுநாள் காலை வெல்டருக்குப் போன் போட்டேன். கம்பியை எந்த உயரத்தில் வைக்கணும் சார் என்று கேட்டார். கட்டடத்தின் மற்ற அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். இது தெரியவில்லை. போனை அவளிடம் கொடுத்தேன்.